மலையேறிய குடும்பத்தின் வேரைத் தேடி: தேவிகுளம், பீர்மேடு தமிழர்களுக்கான வம்சாவளி வழிகாட்டி

"1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு என்ன சான்று?"

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் அது. அன்று முன்னோர் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தார்களோ, அந்த மாநிலத்துப் பட்டியலில்தான் வாரிசுகளுக்கு இடம். நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த வீட்டிலும் அந்த நாளுக்கு முந்தைய தாள் ஒன்றுகூட இருக்காது. என் அக்கா மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக அப்படி அலைந்தபோதுதான் எங்கள் வம்சாவளியை எழுதத் தொடங்கினேன். சான்றிதழ் கிடைத்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை.

இந்த மலைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன், தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் சென்னை மாகாணத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வாதாடியது. 1955-இல் வந்த அறிக்கை அதை ஏற்கவில்லை. இங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 'வந்து போகிறவர்கள்' என்ற சொல்லுக்கு ஒரு குடும்பம் தரக்கூடிய பதில், பெயரும் ஆண்டும் இடமும் சேர்த்து எழுதிய தன் வம்சாவளிதான்.

முதலில் ஆட்சிகளின் நாட்காட்டி

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் எதையும் எழுத வேண்டாம். எந்த ஆண்டில் இந்த மண் யார் ஆட்சியில் இருந்தது என்பதை எழுதுங்கள். அது தெளிவானால்தான் எந்த ஆவணம் எந்த ஊர் அலமாரியில் இருக்கும் என்பது தெரியும்.

1949 ஜூன் வரை இது திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் முதல் கேரளம். மாவட்டமாகப் பார்த்தால், 1949-இலிருந்து கோட்டயம்; 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் பிறந்தது. ஆகவே உங்கள் தாத்தாவின் 1960-ஆம் ஆண்டுக் காகிதத்தில் 'கோட்டயம் ஜில்லா' என்றிருந்தால், அவர் கோட்டயம் நகரத்தில் இருந்தார் என்று பொருளல்ல. மலையடிவாரத்துக்கும் இதே கதைதான். போடி, தேவாரம், கம்பம், கூடலூர் எல்லாம் 1996 வரை மதுரை மாவட்டம், அதன்பின் தேனி. திருநெல்வேலியிலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்தன. ராமநாதபுரம் 1985-இல் மூன்றானது. பழைய தாளில் உள்ள ஊரை இன்றைய மாவட்டத்தில் மட்டும் தேடினால் பாதி ஊர்கள் கிடைக்காமலே போகும்.

அடுத்தது காலக்கணக்கு. பழைய திருவிதாங்கூர்த் தாள்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதம் முதல் நாள் தொடங்குகிறது. அன்றிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை 825-ஐக் கூட்டுங்கள். 1100 மகரம் என்றால் 1925 ஜனவரி, பிப்ரவரி. ஜாதகத்திலோ பெரியவர்களின் பேச்சிலோ வருவது பிரபவ, விபவ என்ற அறுபதாண்டு வட்டம். 'பிங்கள வருஷம் பிறந்தவர்' என்றால் 1917-18 ஆகவும் இருக்கலாம், 1977-78 ஆகவும் இருக்கலாம், 1857-58 ஆகவும் இருக்கலாம். அவருடைய மூத்த பிள்ளையின் வயதை வைத்துத்தான் எந்தச் சுற்று என்பதை முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"எந்த வருஷம் மலைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் நம்ப முடியாது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. "ரயில் ஓடியதை உங்கள் அம்மா பார்த்ததாகச் சொன்னார்களா?" என்று கேட்டால் ஒரு தலைமுறையின் காலம் தெளிந்துவிடும். அதுபோல், காந்தி இறந்த செய்தி வந்தபோது அப்பத்தா கையில் எந்தக் குழந்தை இருந்தது, 1954 எல்லைப் போராட்டத்தின்போது தாத்தா தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்) வேலை செய்தார், தனுஷ்கோடி அழிந்த புயலின்போது யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்று கேட்கலாம். முடிந்தால் அதற்கும் முன்னால் போய், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல் வழங்குகிறதா என்று விசாரியுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குப் பூஞ்ஞாறு அரசர் 1877-இல் எழுதிக்கொடுத்ததும் அதே பஞ்ச காலத்தில்தான்.

இன்னொன்று, தோட்டத்துச் சொல்லிலேயே கேளுங்கள். 'முகவரி' என்றால் பெரியவர்கள் யோசிப்பார்கள். 'எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம், எந்தக் கங்காணி செட்டு' என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; கங்காணி ஆள் திரட்டி வேலை வாங்கியவர். கங்காணியின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் பெரும்பாலும் தன் ஊரையும் சுற்றுப்பட்டிகளையும் சேர்ந்தவர்களுக்குத்தான் முன்பணம் கொடுத்து மலைக்குக் கூட்டிவந்தார். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணியின் ஊர் தெரிந்தால் தேட ஒரு திசை கிடைத்துவிடும்.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டுவிட நினைக்காதீர்கள். என் அப்பத்தா முதல் நாள் சொன்னது 4 பெயர்கள்தான். இறந்துபோன குழந்தைகளைப் பற்றி ஆறாவது தடவை போனபோதுதான் பேசினார். ஒப்பாரி தெரிந்தவர்களாக இருந்தால் அதைப் பாடச் சொல்வது பெரிய உதவி. பிறந்த ஊரும் அண்ணன் தம்பி பெயரும் சீர் கொண்டுவந்த வழியும் அதில் வந்துவிடும்.

மொய் நோட்டு

என்னைக் கேட்டால், மலைக் குடும்பங்களுக்கு அரசாங்க ஆவணம் எதையும்விட மேலானது மொய் நோட்டுதான். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, பெரும்பாலும் மூத்த மகன் வீட்டுப் பரணில் கிடக்கும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் "நமக்குப் பூர்வீகம் போடி" என்றே சொல்லி வளர்ந்தோம். போடியிலிருந்து கோட்டகுடி வழியாக நடந்து, டாப் ஸ்டேஷன் ஏறி வந்ததாக அப்பத்தாவும் சொன்னார். அத்தையின் கல்யாண மொய் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. "மூணாம் நம்பர் லயம் கங்காணி வீடு, 2 ரூபாய்." "பெரட்டுக்களத்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) டீக்கடை, 1 ரூபாய்." அதன்கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, "சங்கரன்கோவில் தாய்மாமன், 5 ரூபாய், அரிசி 1 மரக்கால், வேட்டி துண்டு." அதற்குப் பின் 11 பெயர்கள், ஒவ்வொன்றின் ஊரும் சங்கரன்கோவிலைச் சுற்றிய பட்டிகள். போடியிலிருந்து வந்த மொய் ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு மளிகைக் கடைக்காரர் வைத்தது. போடி நாங்கள் வந்த வழி மட்டுமே. ஆள் சேர்த்துத் தங்கவைத்து மலையேற்றிய இடம் குடும்ப நினைவில் சொந்த ஊராகிவிட்டது. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி, தேவாரம் வழியாக ஏறிய எத்தனையோ குடும்பங்களில் இந்தக் குழப்பம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மொய் நோட்டைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதல் பக்கத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் தாய்மாமன்மார், சம்பந்திகள், நெருங்கிய உறவு. 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வழக்கமாக லயத்துக்காரர்கள், கூட வேலை செய்தவர்கள். ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தால் மலையின் கீழிருந்து வந்தவர்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு கல்யாண நோட்டுகள், இருபது ஆண்டு இடைவெளியில் கிடைத்தால் அவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த ஊர் உறவு அறுந்தது, எது வளர்ந்தது என்பது கண்ணெதிரே தெரியும்.

குலதெய்வமும் பிடிமண்ணும்

ஊர் மறந்த குடும்பமும் குலதெய்வத்தை மறப்பதில்லை. மலையில் உள்ள உங்கள் கோயில் பிடிமண் எடுத்து வந்து வைத்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால், எந்தக் கோயில் மண் என்பதே உங்கள் மூல ஊரின் பெயர். அந்த ஊருக்குக் கொடை விழா நடக்கும் நாளில் போங்கள். மற்ற நாளில் போனால் பூட்டிய கோயிலைத்தான் பார்ப்பீர்கள். அங்கே தலைக்கட்டு (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற) வரி நோட்டு ஒன்று இருக்கும். எத்தனை தலைக்கட்டு, யார் யார் பங்காளிகள், வரி கொடுக்காமல் 'மலைக்குப் போய்விட்டார்' என்று விடப்பட்ட பெயர் எது என்று பாருங்கள். விடுபட்ட பெயர்தான் நமக்கு வேண்டியது.

ஒரே பெயருள்ள தெய்வத்துக்கு நூறு ஊரில் கோயில் உண்டு. ஆகவே தெய்வத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கூட நிற்கும் பரிவார தெய்வங்கள், படையல் முறை, முடி இறக்கும் வழக்கம் எல்லாம் பொருந்த வேண்டும்.

தோட்டத்துப் பதிவேடுகள்

செக்ரோல் என்பது அன்றாடம் வேலைக்கு வந்தவர்களைப் பதியும் ஏடு. அதில் எண்ணும் பெயரும் இருக்கும். தந்தை பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வம்சாவளிக்கு அதைவிடப் பயன்படுவது வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் எழுதிக்கொடுத்த வாரிசு நியமனப் படிவம். அதில் மனைவி, பிள்ளைகள் பெயர், வயது, உறவுமுறை எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஒரு தொழிலாளி ஓய்வு பெற்றபோது அலுவலகத்துக்கு வந்த கோப்பில் இதன் நகல் இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டத்தின் உரிமை கைமாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் ஃபின்லே குழுமத்திடமிருந்து டாடாவுக்கும், 2005-இல் தொழிலாளர்கள் பங்குதாரர்களாக உள்ள நிறுவனத்துக்கும் வந்தன. ஃபின்லே நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் துரைமார்களின் பெயர்தான் நிறைய வரும். தோட்டம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது, ஆள் எங்கிருந்து திரட்டப்பட்டது போன்ற செய்திகளுக்கு அவை உதவும்.

தோட்ட மருத்துவமனை, தோட்டப் பள்ளி இரண்டையும் விடாதீர்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு தங்கம். பிள்ளையின் பெயர், தந்தை பெயர், சாதி, டிவிஷன், சேர்ந்த நாள் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியர் உயரத்தைப் பார்த்து, மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்.

பெயரின் எழுத்து பெரிய சிக்கல். தமிழில் சொன்ன பெயரை ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் மலையாளத்திலும் எழுதியிருப்பார்கள். மூக்கையா மூக்கனாவார், பேச்சியம்மாள் பேச்சியாவார், இசக்கி எசக்கியாவார். மலையாளப் படிவத்தில் வீட்டுப் பெயர் கேட்கும் இடத்தில், வீட்டுப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மவர்களுக்கு எஸ்டேட் பெயரையோ லய எண்ணையோ எழுதியிருப்பார்கள். இதை வைத்து இரண்டு ஆட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தாள்களில் கண்ட எல்லா எழுத்து வடிவங்களையும் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பக்கவாட்டில் தேடுங்கள்

எங்கள் தேடலைக் காப்பாற்றியது இந்த ஒன்றுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தாத்தா பள்ளிக்கே போகவில்லை. அவர் பெயரில் நிலம் இல்லை, அரசு கொடுத்த நிலப் பட்டயமும் இல்லை. நேர்வழியில் மேலே மேலே தேடி ஓராண்டு போனது. ஓர் அலுவலகத்தில் "ஆதாரம் இல்லாமல் ஏன் வருகிறீர்கள்?" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். வம்சாவளிப் படத்தை விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் தாத்தாவுக்கு 9 வயது இளைய தம்பி ஒருவர் இருந்தது கண்ணில் பட்டது. கல்யாணமாகாமல் இளம் வயதில் இறந்தவர் என்பதால் அவரை யாரும் பேசுவதில்லை. தம்பி என்றால் பள்ளிக்குப் போயிருப்பாரே என்று தோன்றியது. பழைய தோட்டப் பள்ளியின் ஏட்டில் 1947 ஜூன் சேர்க்கையில் அவர் பெயர் இருந்தது. தந்தை பெயர் எங்கள் பூட்டனாருடையது, டிவிஷன் அதுவே, சாதியும் எழுதியிருந்தது. பூட்டனார் 1950-க்கு முன் இந்த மலையில் குடியிருந்தார் என்பதற்கு அந்த ஒரு வரி சான்றானது. அந்தத் தம்பியும் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்ட வேறு இரண்டு தாள்கள் வேண்டியிருந்தன. அவற்றை எங்கே தேடுவது என்பதையும் படமே சொன்னது.

அதனால்தான் சொல்கிறேன்: நேரடி முன்னோரை மட்டும் எழுதும் வம்சாவளி இந்த மலைக்குப் போதாது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, வாழாமல் திரும்பி வந்த பெண், பிள்ளையில்லாமல் இறந்தவர் எல்லாரையும் எழுதுங்கள். உங்கள் முன்னோரின் பெயர் யாருடைய தாளில் தந்தையாகவோ சாட்சியாகவோ வாரிசாகவோ ஒளிந்திருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெண்வழி

ஆண்கள் தோட்டத்தில் பெயர் பதிந்து அங்கேயே இருந்தார்கள். மலைக்கும் ஊருக்கும் இடையே போய்வந்தவர்கள் பெண்கள். கீழிருந்து மணமாகி ஏறி வந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு இறங்கினார்கள். இதன் விளைவு ஆவணத்தில் தெரியும். மூத்த பிள்ளையின் பிறப்பு மதுரை ஜில்லாவின் ஏதோ ஒரு கிராமத்திலும், அடுத்த பிள்ளைகளின் பிறப்பு தோட்டத்திலும் பதிவாகியிருக்கும். மூத்தவரின் பிறப்புப் பதிவு மலையில் கிடைக்கவில்லை என்றால், அவருடைய அம்மாவின் ஊரில் தேடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் அந்தப் பதிவைக் கிராம முன்சீப் வைத்திருந்தார். 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது பழைய ஏடுகள் கைமாறின. ஆகவே கிராமத்தில் கேட்டு 'இல்லை' என்றால் அதோடு நிற்காமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பல பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' அல்லது 'பெண்', தந்தை பெயர், அவ்வளவுதான். பெயரை வைத்துத் தேடாமல் தந்தை பெயரையும் ஆண்டையும் வைத்து ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.

கோயில் மணியும் கல்லறையும்

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று ஏடுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஞானஸ்நான ஏட்டில் ஞானப்பெற்றோர் பெயரும் வருவதால் உறவுக்காரர் இருவர் கூடுதலாகக் கிடைப்பார்கள். மூணாறின் மவுண்ட் கார்மல் ஆலயம் 1898-இல் தொடங்கியது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் எழுந்தது அதற்குப் பின், 1910-11 வாக்கில். அதன் கல்லறைத் தோட்டம் ஆலயத்துக்கு முன்பே, 1894-இல் காலராவில் இறந்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறையோடு தொடங்கியது. மதம் மாறியவர்களின் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் இருப்பது ஞானஸ்நான ஏட்டில்தான். பங்குத் தந்தையிடம் நேரில் போய்ப் பணிவாகக் கேளுங்கள். தாளைத் தொடும் முன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

நிலத்தாள்

லயத்தில் குடியிருந்தவர்களுக்கு நிலத்தாள் இருக்காது. மறையூர், காந்தளூர் போன்ற பழைய ஊர்களிலோ, ஏலத்தோட்டம் வைத்தோ, உணவுப் பயிருக்காகக் காடு திருத்தியோ குடியேறியவர்களுக்கு இருக்கும். பத்திரத்தைக் கேரளப் பக்கம் ஆதாரம் என்பார்கள். அரசு கொடுக்கும் உரிமைத் தாள் பட்டயம். பெயர் மாற்றம் போக்குவரவு. நிலவரிக் கணக்கில் உள்ள எண் தண்டப்பேர். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று பழகியவர்கள் இந்தச் சொற்களை முதலில் கற்றுக்கொள்வது நல்லது. கிராம அலுவலகத்தில் பேச்சு உடனே சுமுகமாகும்.

பழைய பத்திரத்தைப் பிரித்தவுடன் எழுத்தைப் படிக்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள். தாளின் தலையில் சங்கு இருந்தால் அது திருவிதாங்கூர் காலத்துத் தாள். தொகை சக்கரத்தில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கீழே எல்லைகள் சொல்லும் பகுதியில் 'கிழக்கே இன்னார் நிலம்' என்று வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர் பல நேரம் அண்ணன் தம்பியாகவே இருப்பார்.

இங்கே ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். நம் குடும்பத்தை 'முதலில் குடியேறியவர்கள்' என்று எழுதும்போது, முதுவர், மன்னான், ஊராளி, பளியர் போன்ற மக்கள் அதற்கும் முன்னே இந்த மலையில் இருந்தார்கள். நம் பூட்டனார் திருத்திய காடு யார் புழங்கிய காடு என்பதும் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி. அதை எழுதாமல் விட்டால் நம் வரலாறு உண்மையாக இருக்காது.

காப்பகங்கள்

கேரள ஆவணக் காப்பகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் கிளைகள் உண்டு. திருவிதாங்கூர் காலத்து ஏலமலை, தேவிகுளம் நிர்வாகக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். சென்னை மாகாணப் பக்கம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இரண்டு இடத்திலும் 'என் தாத்தாவின் கோப்பு' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இடம், துறை, ஆண்டு என்று கேட்க வேண்டும். வீட்டுத் தாள்கள் எல்லாம் தீர்ந்த பிறகு போகிற இடம் இது. முதலில் போனால் மனம் சோர்ந்துவிடும்.

அலுவலகங்களில் ஏட்டைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லைப் போராட்டத்தில் வீட்டில் யாராவது கைதானார்களா என்றும் கேளுங்கள். 1954 ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையை மீறித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் மார்ஷல் நேசமணி முதலானோர் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்படிப் போராடிய எல்லைக் காவலர்களுக்குத் தமிழ்நாடு அரசு நிதியுதவி வழங்கிவருகிறது. உறவில் எவரேனும் அதற்கு விண்ணப்பித்திருந்தால், அந்தக் கோப்பில் ஊர், தந்தை பெயர், சிறை சென்ற நாள் எல்லாம் சான்றோடு இருக்கும்.

படம் வரைவது

தமிழ்க் குடும்பத்தை மரமாக வரைய முயன்றால் கிளைகள் மறுபடி ஒன்றையொன்று தொடும். அக்கா மகளைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர், இரு வீட்டுக்கும் மாறி மாறிப் பெண் கொடுத்தவர் என்று ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். அதனால் பெயரை நம்பாமல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். அவர் எத்தனை இடத்தில் வந்தாலும் அதே எண்.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒன்றுவிட்டு ஒன்று அதே பெயர் வரும். ஒரு குழந்தை இறந்து அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வைத்த வீடுகளும் உண்டு. இரண்டையும் ஒருவராக்கிவிட்டால் வயதுக் கணக்கு குழம்பும். 'சித்தப்பா', 'மாமா' என்ற சொற்களும் அப்படியே. அப்பாவின் உடன்பிறந்த தம்பியா, பங்காளி முறையில் தம்பியா என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: தாள், கல்லறை, ஏடு, அல்லது 'அப்பத்தா சொன்னது'. வாய்மொழியைத் தாளுக்குக் குறைந்ததாக நினைத்துக் கலந்துவிடவும் வேண்டாம், அழித்துவிடவும் வேண்டாம். எங்கள் போடிக் கதை தவறுதான். ஆனால் நாங்கள் நடந்து வந்த வழியை அந்தக் கதை மட்டும்தான் வைத்திருந்தது.

நகல்கள் எங்கே இருக்க வேண்டும்

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அன்று அந்த ஊரிலும் அழுகுரல் கேட்டது. அந்த வீடுகளோடு ரேஷன் அட்டை, கல்யாணப் படம், மொய் நோட்டு எல்லாம் போயிருக்கும். அதன்பிறகுதான் நான் எங்கள் தாள்களை மூன்றாகப் பிரித்தேன். மூலம் ஓர் இரும்புப் பெட்டியில், லயத்தில் இல்லை. ஒரு நகல் சங்கரன்கோவில் பக்கம் தாய்மாமன் வீட்டில். இன்னொன்று படம் பிடித்து, உறவில் இளையவர்கள் நால்வரின் கைபேசியில். மொய் நோட்டை மட்டும் ஒவ்வொரு பக்கமாக, பின்புறம் எழுதியதும் தெரியும்படி எடுத்தோம். கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் பென்சிலில் ஒரு வரி இருந்தது: "கீழே போக 3 நாள் லீவு கேட்கணும்." அதையும் எடுத்து வைத்திருக்கிறோம்.